உறுத்தலா, அரிப்பா? கண் எரிச்சல் பற்றிய உங்கள் கேள்விகள்

கண் எரிச்சல், உறுத்தல், ஓயாத அரிப்பு பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்குக் கண் மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

ஐ.டி. வேலை. தினமும் ஒன்பது, பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால்தான். மதியத்துக்கு மேல் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது; சாயங்காலம் தண்ணீராகக் கொட்டுகிறது. டாக்டர் ‘ட்ரை ஐ’ என்கிறார். தண்ணீர் கொட்டுகிற கண் எப்படி உலர்ந்த கண்ணாகும்? வீட்டில் அலர்ஜி என்கிறார்கள்.
— வாசகி, சோழிங்கநல்லூர்

உங்கள் டாக்டர் சொன்னது சரியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கருவிழியின் மேல் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் எப்போதும் நிற்க வேண்டும். அதன் அடியில் பசை, நடுவில் நீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். இந்த எண்ணெயைத் தருபவை இமை ஓரத்தில், முடி வரிசைக்குச் சற்று உள்ளே வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். நாம் முழுதாகக் கண் சிமிட்டும்போதுதான் அவை அழுத்தப்பட்டு எண்ணெய் வெளியே வரும். எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும். படலம் அங்கங்கே விட்டுப்போய்க் கருவிழி காற்றில் படும். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழியும் ஒன்று. அங்கே எரிந்ததும் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகத் திறந்துகொள்கிறது. அப்படிக் கொட்டும் நீரில் எண்ணெயும் பசையும் போதுமான அளவு இருக்காது. அது கன்னத்தில் வழிந்து போகுமே தவிர, கண்ணில் படலமாக நிற்காது. மறுபடி உலரும், மறுபடி கொட்டும்.

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போலச் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடும். எண்ணிக்கை குறைவதைவிட மோசம், அரைகுறைச் சிமிட்டல். மேல் இமை பாதி வழி வந்து திரும்பிவிட்டால் கருவிழியின் கீழ்ப்பகுதி மணிக்கணக்கில் நனையாமலே கிடக்கும். எனவே 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அப்போதே கண்ணை மெதுவாக மூடி இரண்டு விநாடி வைத்திருந்து, இமைகளை லேசாக அழுத்தித் திறங்கள். இப்படிப் பத்து தடவை. மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் இமை தாழும், காற்றில் படும் பரப்பு குறையும். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கை என்றால், எந்தச் சொட்டு மருந்து போட்டும் பிரயோசனமில்லை. முதலில் இடத்தை மாற்றுங்கள்.

அலர்ஜியா என்ற கேள்விக்கு: உங்களுக்கு அரிப்பு முன்னால் நிற்கிறதா, எரிச்சலும் உறுத்தலுமா? அலர்ஜியில் அரிப்புதான் ராஜா. கசக்காமல் இருக்க முடியாது. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். கூடவே தும்மல், மூக்கொழுகல் இருக்கும். பீளை நூல் நூலாக இழுபடும். பருவம், தூசி, பூனை என்று ஒரு காரணத்தோடு ஒட்டி வரும். உலர் கண்ணில் எரிச்சல், உறுத்தல், நேரம் ஆக ஆக மோசமாவது, படிக்கும்போது எழுத்து மங்கிச் சிமிட்டியதும் தெளிவது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. ஆனால் இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்திருப்பதும் சகஜம். படலம் சரியாக இல்லாத கண்ணில் தூசியும் மகரந்தமும் கழுவப்படாமல் தங்கும். அலர்ஜி அழற்சி படலத்தைக் கெடுக்கும். அதனால் ஊகத்தில் விடாமல் பரிசோதித்துவிடுவது நல்லது. ஃப்ளோரசின் என்ற மஞ்சள் சாயம் தொட்டு நீல ஒளியில் பார்த்தால் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று தெரியும். 10 விநாடிக்குள் என்றால் குறைவு. ஷிர்மர் சோதனையில் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையை 5 நிமிடம் மாட்டிவைப்பார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டும், 5-க்குக் கீழ் என்றால் நீரே குறைவு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் இவற்றைச் செய்துகொள்ளலாம். இமையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அலர்ஜியின் அடையாளங்கள் பல நேரம் இமைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு மாதமாகத் துணியை நனைத்து வைக்கிறேன். ஒரு மாற்றமும் இல்லை. காலையில் இமை ஓரம் சிவந்து, செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
— வாசகர், சேலம்

நீங்கள் செய்வதில் குறை சூட்டிலும் நேரத்திலும் இருக்கக்கூடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, பாதிக்கப்பட்ட சுரப்பிக்குள் எண்ணெய் கெட்டியாகிவிடுகிறது. அது இளக இமைக்கு ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் சூடு சில நிமிடம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஈரத்துணி ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஆறிவிடும். ஆறிய துணியைப் பத்து நிமிடம் வைத்திருப்பது குளிர்ந்த ஒத்தடம்தான்.

இப்படிச் செய்து பாருங்கள். ஃபிளாஸ்க்கில் சூடான தண்ணீரும், ஒரு கிண்ணமும், கைக்குட்டை அளவு பருத்தித் துணி இரண்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீர் உள் மணிக்கட்டில் பட்டால் நல்ல சூடாக, ஆனால் தாங்கும்படியாக இருக்க வேண்டும். 45 டிகிரியைத் தாண்டினால் இமைத்தோல் வெந்துவிடும். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து மூடிய கண்கள் மேல் வையுங்கள்; ஒன்றரை நிமிடத்தில் அடுத்த துணி. கிண்ணத்துத் தண்ணீர் ஆறும்போது ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் சேருங்கள். மொத்தம் 8 முதல் 10 நிமிடம். கண் விழியை அழுத்தவே கூடாது. துணியின் கனம் போதும்.

சூடு ஆறுவதற்குள் இமையைத் தடவிவிட வேண்டும். இந்தப் பாதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழே பார்த்தபடி கண்ணை மூடி, மேல் இமையை மேலிருந்து முடி வரிசை நோக்கிக் கீழ்நோக்கித் தடவுங்கள். மேலே பார்த்தபடி கீழ் இமையைக் கீழிருந்து மேல்நோக்கித் தடவுங்கள். மூக்கோரத்தில் தொடங்கிக் காதுப்பக்கம் வரை, ஒவ்வோர் இமைக்கும் ஐந்தாறு தடவை. இளகிய எண்ணெய் சுரப்பியின் வாய் வழியே வெளியே வர வேண்டும் என்பதுதான் நோக்கம். வட்டமாகத் தேய்த்தால் எண்ணெய் வராது, இமைதான் வீங்கும்.

பிறகு செதிலைச் சுத்தம் செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இமை துடைப்பான் சிறந்தது. இல்லையென்றால், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் முடியின் அடியோரமாகத் துடைக்கலாம்; ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பேபி ஷாம்பூ பல காலமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது சிலருக்கு உலர்ச்சியைக் கூட்டுகிறது. இப்போது நாங்கள் அதை முதல் தேர்வாகச் சொல்வதில்லை. முடியின் அடியைச் சுற்றி வளையம் போட்ட மாதிரிச் செதில் இருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சியாக இருக்கலாம். அதற்கு டீ ட்ரீ எண்ணெய் நல்லது என்று படித்துவிட்டு நேரடியாகத் தடவிவிடாதீர்கள், கருவிழி வெந்துவிடும். நீர்த்த வடிவில் இமைக்கென்றே செய்த தயாரிப்பு உண்டு, டாக்டர் தருவார்.

தினம் இரண்டு வேளை, நான்கு முதல் ஆறு வாரம். அதற்கு முன்னால் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதன் பிறகும் விட்டுவிட்டால் திரும்ப வரும். ஒரு வேளையாகக் குறைத்துத் தொடருங்கள். ஒத்தடத்துக்கு அசையாத சுரப்பிகளுக்கு டாக்டர் சில வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதுவதுண்டு. அது கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆகாது. கடையில் கேட்டு வாங்கும் மருந்து அல்ல.

ரோஸ் வாட்டர், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய்: இதில் எது பாதுகாப்பானது?
— வாசகி, மன்னார்குடி

கண்ணுக்குள் விடுவதற்கு எதுவுமே இல்லை. கண்ணுக்குள் போவது கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் அப்படி இல்லை. கருவிழியில் சின்னக் கீறல் இருக்கும் நேரத்தில் விட்டால் புண்ணாகிவிடும். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணை மூடிக்கொண்டு இமை மேல் வைப்பது வேறு விஷயம். குளிர்ச்சியாக இருக்கும், கெடுதல் இல்லை.

பையனுக்கு ஒன்பது வயது. மூன்று வருஷமாக வெயில் ஆரம்பித்தாலே கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். வெளிச்சம் பார்க்க முடியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டே நாளில் சரியாகிறது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. அதையே விட்டுவிட்டு வருகிறோம். தொடரலாமா?
— ஒரு தாய், கரூர்

தொடரக் கூடாது, அம்மா. இந்த வாரமே பையனைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையோடு கொண்டு போங்கள்.

இரண்டு நாளில் அரிப்பு மாயமாக நிற்கிறது என்றால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். லேபிளில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளோரோமெத்தலோன், லோடெப்ரெட்னால் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். பல நேரம் ஓர் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே பாட்டிலில் வரும். முதல் பெயரைப் படித்துவிட்டு இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. சில வாரம், கண் அழுத்தத்தை அளந்துகொண்டே கொடுக்கும்போது கருவிழியைக் காப்பாற்றும் மருந்து. அளக்காமல் மாதக்கணக்கில் விடும்போது சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். பிள்ளைகளுக்கு அது வேகமாகவும் அதிகமாகவும் ஏறக்கூடும். இயல்பான அழுத்தம் சுமார் 10 முதல் 21 மி.மீ. பாதரசம். அது 30, 40 என்று போனாலும் பிள்ளைக்கு வலி தெரியாமல் இருக்கலாம். கண் நரம்பு கெட்டுப் போன பார்வை திரும்பி வராது. கண்புரையும் வரலாம். எனவே முதல் வேலை கண் அழுத்தம் பார்ப்பது, நரம்பைப் பார்ப்பது. தினமும் விட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இரண்டொரு நாளில் டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வெர்னல் என்ற வகை அலர்ஜியாக இருக்கலாம். வெப்பமான ஊர்களில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு அதிகம் வருவது. மேல் இமையைத் திருப்பினால் உள்ளே கூழாங்கல் பரப்பியது போலத் தடிப்புகள் தெரியும். பெரும்பாலானவர்களுக்குப் பதின்வயது முடிவதற்குள் அடங்கிவிடும். அதுவரை கண்ணைக் காப்பாற்றிக் கொண்டுபோவதுதான் வைத்தியம்.

அடிப்படை மருந்து ஓலோபட்டாடின் அல்லது கீட்டோடிஃபென் போன்ற சொட்டு. ஓலோபட்டாடின் 0.1 சதவீதம் என்றால் நாளுக்கு இரண்டு வேளை, 0.2 சதவீதம் என்றால் ஒரு வேளை. இவை ஸ்டீராய்டு அல்ல, மாதக்கணக்கில் விடலாம். அரிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, வழக்கமாக ஆரம்பிக்கும் காலத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கினால் நன்றாகக் கேட்கும். அடங்காத கண்ணுக்கு சைக்ளோஸ்போரின் சொட்டு, டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் என்று ஸ்டீராய்டைக் குறைக்க வழிகள் இருக்கின்றன.

கசக்குவதை நிறுத்துவது மருந்துக்குச் சமம். கசக்கும்போது ஹிஸ்டமின் இன்னும் வெளியாகி அரிப்பு கூடுகிறது. அதோடு, வருஷக்கணக்கில் முட்டியால் அழுத்தித் தேய்க்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகிவிடும் ஆபத்து உண்டு, கெரட்டோகோனஸ் என்பார்கள். கண்ணாடி பவர், அதிலும் சிலிண்டர் பவர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது என்றால் கருவிழி வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால், கருவிழியை உறுதியாக்கும் சி3ஆர் சிகிச்சையால் மேற்கொண்டு மோசமாகாமல் நிறுத்த முடியும். ‘கசக்காதே’ என்று அதட்டினால் பையன் நிறுத்த மாட்டான், அவனால் முடியாது. ஃபிரிட்ஜில் வைத்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டையும் குளிர்ந்த ஈரத்துணியையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வெளியே போகும்போது விளிம்புத் தொப்பியும் கூலிங் கிளாஸும். விளையாடி வந்ததும் முகம், இமை, கை கழுவிவிடட்டும். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ கருவிழியில் புண் விழுந்திருக்கலாம்; மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

வயது 61. தும்மலுக்காக மூன்று வருஷமாக இரவில் செட்ரிசின் போடுகிறேன். கண் எரிச்சலுக்குச் செயற்கைக் கண்ணீர் ஆறேழு தடவை விடுகிறேன், விட்டதும் எரிகிறது. சிவப்பைப் போக்க இன்னொரு சொட்டும் வாங்கினேன். எதை நிறுத்துவது?
— வாசகர், நாகர்கோவில்

சிவப்பைப் போக்கும் சொட்டை நிறுத்துங்கள். அதில் நாஃபசோலின் போன்ற மருந்து இருந்தால், அது ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். மருந்து இறங்கியதும் குழாய் முன்னைவிட விரிந்து இன்னும் சிவக்கும். மறுபடி விடத் தோன்றும். நிறுத்திய சில நாள் சிவப்பு கூடும், பிறகு தணியும்.

செட்ரிசின் மூக்கை உலர்த்துவதுபோலக் கண்ணையும் கொஞ்சம் உலர்த்தக்கூடும். தும்மலுக்கு மூக்கு ஸ்ப்ரே தந்தால் மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஸ்ப்ரே பலருக்குக் கண் அரிப்பையும் குறைக்கிறது. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் ஆகியவையும் கண்ணை உலர்த்துபவை. இந்த மாத்திரைகளில் எது எடுத்தாலும் கண் டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

விட்டதும் எரிவதற்குக் காரணம், சொட்டு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவாக இருக்கலாம். லேபிளில் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால், அது அடிக்கடி படும்போது கருவிழியின் மேல்தோலையே புண்படுத்தும். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் விடுபவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாததற்கு மாறுவது நல்லது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், சோடியம் ஹயலுரோனேட் 0.1 சதவீதம் இரண்டுமே பகலுக்கு ஏற்றவை. கெட்டியான ஜெல்லும் ஆயின்மென்டும் கொஞ்ச நேரம் பார்வையை மங்கவைக்கும். படுக்கப் போகும்போது மட்டும். பிரிசர்வேட்டிவ் இல்லாதது ஒரு வேளைக்கான குட்டிக் குப்பியில் கிடைக்கும். திறந்து விட்டதும் மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். சேமித்து வைப்பது ஆபத்து. 2023-இல் அமெரிக்காவில், தமிழ்நாட்டில் தயாரான பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டுப் பாட்டில்களோடு தொடர்புடைய சூடோமோனாஸ் கிருமித் தொற்றில் சிலர் பார்வையை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. எந்தச் சொட்டாக இருந்தாலும் நுனி இமையிலோ முடியிலோ படக் கூடாது. சாதாரணப் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள்.

விடும் முறையும் முக்கியம். தலையைச் சாய்த்து, கீழ் இமையைக் கீழே இழுத்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. கண்ணின் கொள்ளளவே ஒரு சொட்டுக்கும் குறைவு. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். கண்ணை மெதுவாக மூடி, மூக்கோர மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மருந்து மூக்கில் இறங்கித் தொண்டை கசக்கும். இரண்டாவது மருந்து இருந்தால் 5 நிமிடம் இடைவெளி. ஆயின்மென்ட் எப்போதும் கடைசியில்.

எனக்கு 52 வயது. கண் உலர்ச்சியோடு வாயும் உலர்கிறது. தண்ணீர் குடிக்காமல் இட்லிகூட இறங்குவதில்லை. விரல் மூட்டும் வலிக்கிறது. மாதவிடாய் நின்றதால் என்கிறார்கள்.
— வாசகி, யாழ்ப்பாணம்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் கண் உலர்வது உண்மைதான். ஆனால் வாயும் மூட்டும் சேர்ந்து வரும்போது ‘வயசானால் வருவதுதான்’ என்று விட்டுவிடக் கூடாது. ஷோக்ரன் நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. நடுவயதுப் பெண்களுக்கே அதிகம். ஷிர்மர் சோதனையோடு எஸ்எஸ்ஏ, ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனைகளும் செய்ய வேண்டும். மூட்டு-வாத நோய் மருத்துவரையும் பாருங்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் சொத்தை வேகமாகப் பரவும், பல் மருத்துவரும் தேவை.

கண்ணுக்கு, கண்ணீர் வடியும் துளைகளில் சின்ன அடைப்பான் வைத்து இருக்கிற நீரைத் தக்கவைக்கலாம். சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதச் சொட்டு நாளுக்கு இரண்டு வேளை தருவார்கள். அது முதல் சில வாரம் எரியும். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை எடுக்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

கண்ணுக்காக மட்டும் என்றால் காசைச் செலவழிக்க நாங்கள் சொல்ல மாட்டோம். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒரு சாராருக்குத் தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3, மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் என்று ஓராண்டு கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கண் தொந்தரவு குறைந்தது, வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் ஊரில் மத்தி மீன் கிடைக்கிறதே, சாப்பாட்டில் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

தூசி அலர்ஜியும் இருக்கிறது, உலர் கண்ணும் இருக்கிறது. ஏசி அறையில் ஹியூமிடிஃபையர் வைக்கலாமா? வீட்டில் வேறு என்ன மாற்றுவது?
— வாசகி, கோயம்புத்தூர்

உங்களைப் போல இரண்டும் உள்ளவர்களுக்கு ஹியூமிடிஃபையர் இருபக்கமும் வெட்டும். ஈரப்பதம் கூடினால் கண் படலம் நிற்கும். ஆனால் தூசிப் பூச்சி செழிப்பதும் ஈரத்தில்தான். 40 முதல் 50 சதவீதத்துக்கு மேல் போக விடாதீர்கள். ஈரமானி இல்லாமல் வைக்கவே வேண்டாம். அதைவிடச் சுலபம், ஏசியை 26-இல் வைத்துக் காற்றைக் கூரைப்பக்கம் திருப்புவது, ஃபேனை முகத்துக்கு நேரே வைக்காமல் இருப்பது. சிலருக்குத் தூக்கத்தில் இமை முழுதாக மூடாது. காலையில் எழுந்ததும்தான் எரிச்சல் அதிகம் என்றால் அதுவாக இருக்கலாம், வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

தலையணை உறை, விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி தண்ணீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் பூச்சி சாகாது. தலையணைக்கும் மெத்தைக்கும் நெருக்கமாக நெய்த ஜிப் உறை போடுங்கள். பெருக்குவதற்குப் பதில் ஈரத் துடைப்பம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை இரண்டு நோய்க்கும் எதிரி. கொசுவுக்கு வலை கட்டிவிடலாம். கண் மை இடுவதாக இருந்தால் இமையின் உள்விளிம்பில் வேண்டாம், எண்ணெய்ச் சுரப்பியின் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன. ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுங்கள்.